பிசிறு வெட்டும் கருவி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன மாத இதழில், நான் எழுதிய ஒரு சின்ன நிரல் சோதனைக் கருவியை ஓப்பன் சோர்ஸாக (யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்க, மாற்ற) வெளியிட்டுவிட்டேன் என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். வழக்கமாக இந்தப் பகுதிக்கு மொபைல் சூடாகிறது, பிரின்டர் பேப்பரைக் கடிக்கிறது என்றுதான் கடிதம் வரும். இந்த மாதம் வந்ததில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றி. சரி, பிரின்டர்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

அக்கா, நிரலின் தரம் பார்க்கும் கருவி என்றால் என்ன? புரோகிராமை ஓட்டிப் பார்த்துச் சோதிப்பதும் இதுவும் ஒன்றுதானா? உங்கள் கருவி என்ன செய்யும்?
*கல்லூரி மாணவி, சிவகங்கை*

என் வயதுக்கு அத்தை என்று எழுதியிருக்கலாம். அக்கா என்று எழுதியதால் உங்களுக்குத்தான் முதல் பதில்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் போயிருக்கிறீர்களா? தைத்து முடித்த பீஸ் நேராகப் பெட்டிக்குப் போகாது, செக்கிங் டேபிளுக்கு வரும். அங்கே இருக்கும் பெண்கள் தையல் ஓரத்தில் தொங்கும் பிசிறைக் கத்தரியால் வெட்டுவார்கள். தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். யாரும் பனியனைப் போட்டுப் பார்ப்பதில்லை, கண்ணாலேயே பிடித்துவிடுவார்கள். இந்தக் கருவிகளும் அப்படித்தான். புரோகிராமை ஓட்டாமல், எழுதி வைத்ததைப் படித்தே இங்கே சந்தேகம், அங்கே சந்தேகம் என்று காட்டும். நீங்கள் சொல்லும் ஓட்டிப் பார்க்கும் சோதனை, பனியனைத் துவைத்துக் காயப்போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

பிசிறு என்று உவமைக்காகச் சொல்லவில்லை. இந்த வகைக் கருவியின் பெயரே துணியிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர், சி மொழி நிரல்களைப் படித்துச் சந்தேகமான இடங்களைக் காட்டும் ஒரு புரோகிராமை எழுதினார். அதற்கு லின்ட் என்று பெயர் வைத்து 1978இல் ஓர் அறிக்கையும் வெளியிட்டார். லின்ட் என்றால் துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு, பிசிறு. இன்றைக்கு எந்த மொழிக்கான கருவியாக இருந்தாலும் லின்டர் என்றே சொல்கிறார்கள். என் கருவிக்குப் 'பிசிறு' என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

அது பிறந்த கதை எனக்குப் பெருமை தருவதல்ல. பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக் கணக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. ஒரு கம்பெனியில் சனிக்கிழமை சம்பளக் கவரின் மேல் பெயரைத் தமிழில் அச்சடித்துத் தரச் சொன்னார்கள். அப்பா பெயரின் முதல் எழுத்தை எடுத்து, புள்ளி வைத்து, பெயரைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வரியை யோசிக்காமலே எழுதினேன். ஒரே தையல் லைனில் இரண்டு செல்விகள் இருந்தார்கள், ஒருவர் மு. செல்வி, இன்னொருவர் ம. செல்வி. கவரில் இரண்டு பேருமே 'ம. செல்வி' ஆகிவிட்டார்கள். கவர் கை மாறிப் போயிற்று. ஓவர்டைம் பார்த்தவருக்குக் குறைந்த கவர், லீவு போட்டவருக்குக் கனத்த கவர். திங்கட்கிழமை காலை எனக்கு வந்த போன் அழைப்பை இங்கே எழுத முடியாது.

காரணம் இதுதான். நமக்கு 'மு' என்பது ஓர் எழுத்து. கம்ப்யூட்டர் அதை 'ம' என்றும் உகரக் குறி என்றும் இரண்டாக வைத்திருக்கிறது. முதல் எழுத்தைக் கொடு என்று கேட்டால் 'ம'வை மட்டும் பிய்த்துக் கொடுக்கும். கோவிந்தசாமியின் மகன் 'க.' ஆவார், சின்னச்சாமியின் மகள் 'ச.' ஆவார். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் என்ற நிரல் மொழியிடம் கேட்டுப் பாருங்கள், 5 என்று சொல்லும். அந்தச் சொல்லை மூன்றெழுத்து என்று பாடிக்கொண்டிருப்பவர்கள் நாம்.

தமிழை எழுத்து எழுத்தாகச் சரியாகப் பிரித்துக் கொடுக்க ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த எழுதி வைத்த நிரல் தொகுப்பு) ஏற்கெனவே இருக்கிறது. என் கருவி அந்த வேலையைச் செய்வதில்லை. அப்படிப் பிரிக்காமல், என்னைப் போல முதல் எழுத்தைப் பிய்த்தவர்கள், பெயரைப் பன்னிரண்டாவது இடத்தில் வெட்டியவர்கள், நீளத்தை எண்ணி ஏமாந்தவர்கள் எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று தேடிக் காட்டும். அவ்வளவு சின்ன வேலைதான்.

ஆபீஸ் உபயோகத்துக்காக நான் எழுதிய கருவியை எல்லோருக்கும் கொடுக்க ஆசை. எந்த உரிமம் போடலாம்?
*சேலம்*

உரிமத்துக்கு முன்னால், அது உங்களுடையதா என்று பாருங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே முதலில் சொந்தம். அந்தச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பில் சேர்க்கிறது. நாம் எழுதுவதை ஒருவர் இலக்கியம் என்று ஒப்புக்கொள்வது அந்த ஓர் இடத்தில்தான், அதுவும் நமக்குச் சாதகமாக இல்லை. ராத்திரி வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினேன் என்ற தைரியத்தில் இறங்காதீர்கள். எங்கள் முதலாளியிடம் விவரமாக ஈமெயில் எழுதிக் கேட்டேன். "சரிம்மா, போட்டுக்கோ" என்று ஒரு வரி பதில் வந்தது. அந்த ஈமெயிலை வீட்டுப் பத்திரம் மாதிரி வைத்திருக்கிறேன்.

உரிமம் எதுவானாலும், ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை எடுங்கள். சொந்தமாக ஒரு வரியும் சேர்க்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சோதிக்க டக்ளஸ் கிராக்ஃபோர்டு ஜே.எஸ்.லின்ட் என்ற கருவியை எழுதினார். உரிமக் குறிப்பைக் கூடவே வைத்துக்கொண்டால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற எம்.ஐ.டி. உரிமம் மாதிரிதான் அதன் உரிமமும் இருந்தது, ஆனால் ஒரே ஒரு வாக்கியம் கூட. இதை நல்லதுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், கெட்டதுக்குக் கூடாது என்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது கெட்டது என்று யார் முடிவு செய்வது? கம்பெனி வக்கீல்கள் கையைப் பிசைந்தார்கள். எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம் என்பதுதான் கட்டற்ற மென்பொருளின் முதல் இலக்கணம் என்பதால், அந்தப் பக்கத்தவர்களும் இதைத் தங்கள் வரிசையில் சேர்க்கவில்லை. 2011இல் அதிலிருந்து ஜே.எஸ்.ஹின்ட் என்ற கருவி கிளை பிரிந்தது. மூல நிரலோடு அந்த வாக்கியமும் கூடவே போனது. அதைக் கழற்றி முழுக்க எம்.ஐ.டி. உரிமத்துக்கு வர 2020 ஆகிவிட்டது.

நான் போட்டது எம்.ஐ.டி. மாற்றி எழுதுகிறவர்களும் திறந்தே வைக்க வேண்டும் என்று நினைத்தால் ஜி.பி.எல். எடுங்கள். ஜி.பி.எல். கருவியை ஓட்டினால் எங்கள் நிரலும் ஜி.பி.எல். ஆகிவிடுமா என்று சிலர் பயப்படுகிறார்கள். ஆகாது. ஷெல் ஸ்கிரிப்ட் சோதிக்கும் ஷெல்செக் ஜி.பி.எல். உரிமத்தில்தான் இருக்கிறது, எத்தனையோ கம்பெனிகள் ஓட்டுகின்றன. செக்கிங் பெண்ணின் கத்தரி யாருடையதோ, அதனால் பனியன் அவருடையது ஆகிவிடாது.

எங்கள் டீமிலும் ஒரு லின்டரைப் போட்டோம். ஒரே வாரத்தில் பையன்கள் எல்லோரும் அதை அணைத்துவிட்டார்கள். எப்படிக் கட்டாயப்படுத்துவது?
*கோயம்புத்தூர்*

பையன்களைத் திட்டாதீர்கள். உங்கள் ஊர் மில்லில் யாரையாவது கேட்டாலே பதில் சொல்லியிருப்பார்கள்.

என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் வைண்டிங் பகுதியில் ஃபிட்டர். ரிங் ஃபிரேமிலிருந்து வரும் சின்னக் காப்புகளில் (நூல் சுற்றிய குழல்) இருக்கும் நூலைப் பெரிய கோனில் சுற்றும் இடம் அது. நூல் ஓடும் பாதையில் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு கிளியரர் உண்டு. தடித்த இடம், மெலிந்த இடம், தலைமுடி, சாக்கு நார் என்று ஏதாவது கடந்தால் அதே நொடியில் நூலை வெட்டிவிடும். வெட்டிய இரண்டு முனைகளையும் மெஷினே காற்றை ஊதி முறுக்கிச் சேர்க்கும், அதற்கு ஸ்ப்ளைஸ் என்று பெயர். எவ்வளவு தடித்தால் வெட்ட வேண்டும் என்று செட்டிங் வைக்கலாம்.

புதிதாக வரும் சூப்பர்வைசர் எல்லோரும் முதலில் செய்வது அந்த செட்டிங்கை இறுக்குவதுதான் என்பார் அப்பா. நூல் சுத்தமாக வரும் என்று எண்ணம். நடப்பது வேறு. தொட்டதற்கெல்லாம் வெட்டு விழும். டிரம் நின்று நின்று ஓடும், ஷிப்டு உற்பத்தி இறங்கும். இன்னொன்று, ஒவ்வொரு ஸ்ப்ளைஸும் நூலில் நாமே போடும் ஓர் ஒட்டு. ஒன்றுமில்லாத இடத்தில் வெட்டி ஒட்டினால், நல்ல நூலில் ஒரு பலவீனமான இடத்தை நாமே உண்டாக்கியதாகிறது. கடைசியில் டிரம் ஓட்டுகிற பெண்கள் சலித்துப்போய் உண்மையான கோளாறையும் பார்க்காமல் விடுவார்கள். செட்டிங்கைத் தளர்த்தினாலும் வம்புதான், திருப்பூர் நிட்டிங் மெஷினில் துணியில் ஓட்டை விழுந்து கோன் திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கவுன்ட்டுக்கு (நூலின் மெல்லிசு அளவு), அந்தப் பஞ்சுக்கு, எது சரி என்று தேடுவதற்கு அப்பா நாள்கணக்கில் அந்த மெஷின் பக்கத்திலேயே நிற்பார். ராத்திரி வீட்டுக்கு வந்தால் தலையெல்லாம் பஞ்சு.

இத்தனையும் கேட்டு வளர்ந்தவள் நான். என் கருவியின் முதல் வடிவத்தில் என்ன செய்தேன் தெரியுமா? இறுக்கினேன். சதுர அடைப்புக்குள் 0 என்று (முதலாவதைக் கொடு என்று பொருள்) எங்கே பார்த்தாலும் எச்சரிக்கை. பட்டியலின் முதல் பொருளை எடுப்பதும் அதே மாதிரிதான் எழுதப்படும், அதில் தமிழும் இல்லை, எழுத்தும் இல்லை. எங்கள் சொந்த நிரலில் ஓட்டியபோது எண்ணூற்றுச் சொச்சம் எச்சரிக்கை வந்தது. பக்கத்து சீட் தம்பி முதல் இருபதைப் பார்த்தான், ஒன்றும் தேறவில்லை, "அக்கா, டீ குடிக்கலாமா?" என்றான். அதற்குமேல் திறக்கவில்லை. இருபத்தாறாவது எச்சரிக்கை உண்மையான பிழை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். கவரிட்டி என்ற சோதனைக் கருவியை உருவாக்கியவர்கள் தங்கள் அனுபவத்தை 2010இல் எழுதினார்கள். பொய் எச்சரிக்கை 30 சதவீதத்தைத் தாண்டினால் ஆட்கள் கருவியையே சட்டை செய்வதில்லை என்றார்கள். கூகுள்காரர்கள் 10 சதவீதத்துக்குள் வைக்கப் பார்க்கிறோம் என்று 2018இல் எழுதினார்கள். அவர்கள் கணக்கில் இன்னொரு நியாயமும் உண்டு. எச்சரிக்கை உண்மையாகவே இருந்தாலும், அதைப் பார்த்தவர் ஒன்றும் செய்யாமல் விட்டால் அதுவும் பொய் எச்சரிக்கைதான்.

எனக்குப் பிடித்தது ஃபேஸ்புக்கின் இன்ஃபர் கருவியின் கதை. 2015இல் ஓப்பன் சோர்ஸாக விட்டார்களே, அதுதான். ஆரம்பத்தில் ராத்திரி ஓட்டி, பிழைப் பட்டியலைத் தனியாகக் கொடுத்தார்கள். ஏறத்தாழ யாருமே திருத்தவில்லை. அப்புறம் அதே சோதனையை, ஒருவர் நிரலை மாற்றி மற்றவர் பார்வைக்கு அனுப்பும் அந்த நேரத்தில் ஓட்டி, மாற்றிய வரியின் பக்கத்திலேயே சொல்ல வைத்தார்கள். 70 சதவீதத்துக்கு மேல் திருத்தப்பட்டது. கருவி அதே, பொய் எச்சரிக்கையின் அளவும் அதே. சொன்ன நேரம் மட்டும்தான் வேறு.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: பழைய நிரலில் இருக்கிற எச்சரிக்கைகளை ஒரு கோப்பில் எழுதி மூடி வையுங்கள். புதிதாக எழுதும் வரிகளுக்கு மட்டும் கருவி பேசட்டும். விதிகளில் ஐந்தை மட்டும் வைத்து மிச்சத்தை அணையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பையன்களையே ஆறாவது விதியைக் கேட்கச் சொல்லுங்கள். நானும் அதைத்தான் செய்தேன். நிரலில் தகவலை வைக்கும் மாறியின் (வேரியபிள்) பெயரில் பெயர், ஊர், முகவரி, தந்தை என்கிற சாயல் இருந்தால், அல்லது அதே கோப்பில் தமிழ் எழுத்து இருந்தால் மட்டும் என் கருவி இப்போது வாயைத் திறக்கும். இதனால் சில உண்மைப் பிழைகள் தப்பிப்போகும் என்று எனக்குத் தெரியும். தப்பட்டும் என்று விட்டுவிட்டேன். நான் ஆசை ஆசையாக எழுதிய இரண்டு விதிகளையும் தூக்கினேன். எழுத ஒரு வாரம், தூக்க மனசு வருவதற்கு இரண்டு மாதம்.

கருவி எச்சரித்தால் அப்படியே திருத்திவிடலாம் அல்லவா? அதுதானே பாதுகாப்பு?
*திருநெல்வேலி*

2006இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஒருவர் அப்படித்தான் நினைத்தார். ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்ற நூலகம், ரகசியச் சாவிகளைத் தயாரிக்கும் இடம். அதில் மதிப்பு வைக்காத நினைவகத்தைப் படிக்கிறாய் என்று வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி எச்சரித்துக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை பொய்யில்லை. அதை நிறுத்த, அந்த வரிகளை எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கையும் நின்றது. ஆனால் அந்த வரிகளில் ஒன்றுதான் சாவிக்குத் தேவையான தற்செயல் எண்களையெல்லாம் கலந்துவிடும் வரி. அது போனபிறகு சாவியை வேறுபடுத்த மிஞ்சியது, ஓடும் புரோகிராமுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் செயல் எண் மட்டும். அது 32,768க்கு மேல் போகாது. உலகத்தில் யாரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டிய சாவி, மொத்தம் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றாகிவிட்டது. இது வெளியே தெரிந்தது 2008 மே மாதம். அந்த இரண்டு வருடத்தில் டெபியனிலும் அதிலிருந்து வந்த உபுண்டுவிலும் உருவான சாவிகளைத் தேடித் தேடி மாற்றினார்கள்.

செக்கிங் டேபிளில் புதிய பெண் பிசிறு என்று நினைத்து வெட்டியது சில நேரம் தையலின் நுனியாக இருக்கும். இழுத்தால் லைன் முழுக்கப் பிரிந்து வந்துவிடும். என் கருவியில் 'தானே திருத்து' என்ற வசதி ஏன் இல்லை என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள், அவர்களுக்கும் இதுதான் பதில்.

எச்சரிக்கைகளைத் தமிழில் காட்டுகிறதாமே உங்கள் கருவி? விளங்குகிறதா ஆட்களுக்கு?
*யாழ்ப்பாணம்*

உங்கள் பக்கம் உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பப் பாடத்தையே தமிழில் படிக்கிறார்கள், உங்களுக்கு விளங்கும். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. முதலில் 'சரத்தின் முதல் உறுப்பைப் பிரிக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தேன். ஸ்டிரிங் (எழுத்துகளின் தொடர்) என்பதற்குச் சரம் என்று புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்து சீட் தம்பி, "என்னக்கா, மல்லிகைச் சரமா?" என்றான். எங்கள் ஆபீஸில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே இல்லை.

இப்போது இப்படி வருகிறது: 'இந்த வரி மு என்பதை ம ஆக்கிவிடும். எழுத்தாகப் பிரித்து எடுங்கள்.' கலைச்சொல்லே இல்லை, எல்லோருக்கும் புரிகிறது. எந்த மொழியில் சொல்வது என்பதைவிட, என்ன கெடும் என்பதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கூடவே ஒவ்வொரு விதிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாத சக ஊழியரும் அந்த எண்ணை வைத்துத் தேடிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது, பெங்களூர் நண்பர் ஒருவரின் புண்ணியம்.

வெளியிடும் அன்றைக்கு மறக்காமல் செய்ய வேண்டியது என்ன? முதல் தடவை, பதற்றமாக இருக்கிறது.
*ஓசூர்*

பதறாதீர்கள், முதல் நாள் யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்கு முதல் வாரத்தில் இரண்டு பேர் பிடித்திருக்கிறது என்று நட்சத்திரம் போட்டார்கள், ஒருவர் என் தம்பி மகன்.

பாஸ்வேர்டு. மற்றதெல்லாம் அப்புறம். 2018 ஜூலை 12 அன்று, ஈ.எஸ்.லின்ட் என்ற பெரிய ஜாவாஸ்கிரிப்ட் லின்டரின் துணைப் பொதிகள் (பேக்கேஜ்) இரண்டில் விஷமப் பதிப்பு வெளியானது. அதை நிறுவியவர்களின் நுழைவுச் சாவியைத் திருடி அனுப்பும் பதிப்பு. எப்படி நுழைந்தார்கள் என்று பார்த்தால், பராமரிப்பாளர் ஒருவர் வேறு இடத்தில் வைத்திருந்த அதே பாஸ்வேர்டையே இங்கேயும் வைத்திருந்தார், இரண்டாவது பூட்டும் (பாஸ்வேர்டு போக இன்னொரு அடையாளமும் கேட்பது) போடவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை வைத்திருக்கும் என்.பி.எம். நிறுவனம் அதற்கு முன்னால் கொடுத்திருந்த சாவிகள் அத்தனையையும் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. தரம் பார்க்கும் கருவி எல்லோருடைய நிரலுக்குள்ளும் நுழையும் என்பதை மறந்துவிடக் கூடாது. பைத்தான் பொதிகள் வைக்கும் பைபிஐ தளத்தில் 2024 ஜனவரி முதல் இரட்டைப் பூட்டு எல்லோருக்கும் கட்டாயம்.

அப்புறம் பதிப்பு எண். சாதாரண நூலகத்தில் புது வசதி சேர்த்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. லின்டரில் ஒரு புது விதி சேர்த்தாலே, நேற்று வரை பச்சையாக இருந்த ஒருவருடைய நிரல் இன்று சிவப்பாகும். அவர் ஒரு வரியும் மாற்றியிருக்க மாட்டார். ஈ.எஸ்.லின்ட் பரிந்துரைப் பட்டியலில் புது விதியைப் பெரிய பதிப்பு மாறும்போது மட்டுமே சேர்க்கிறார்கள். பைத்தான் நிரலை அழகுபடுத்தும் பிளாக் கருவியில் பாணி மாற்றம் வருடத்தின் முதல் பதிப்பில்தான் வரும். நான் இது தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது விதியை விட்டேன். யாரோ ஒருவர் முகம் தெரியாதவர், "மேடம், எங்கள் ரிலீஸ் நின்றுவிட்டது" என்று மரியாதையாக எழுதியிருந்தார். வைதிருந்தால் மனசு லேசாகியிருக்கும்.

மற்றபடி, எப்படி நிறுவுவது, ஓர் எடுத்துக்காட்டு, எப்படி அணைப்பது என்று விளக்கக் கோப்பில் எழுதுங்கள். அணைப்பது எப்படி என்பதை மேலேயே போடுங்கள்.

கருவிக்கு நல்ல பெயர் ஒன்று சொல்லுங்களேன்.
*கரூர்*

பெயர் நான் சொல்ல மாட்டேன், ஓர் எச்சரிக்கை மட்டும். பைத்தானில் நிரல் எழுதும் பாணியைச் சொல்லும் ஆவணத்துக்குப் பெப் 8 என்று பெயர். அதைச் சோதிக்கும் கருவிக்கும் பெப் 8 என்றே பெயர் வைத்திருந்தார்கள். கருவி சொன்னதையெல்லாம் ஆவணமே சொன்னதாக ஆட்கள் சண்டைக்கு வர ஆரம்பித்தார்கள். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமே பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டு, 2016இல் அது பைகோட்ஸ்டைல் ஆனது. எனவே 'இலக்கணம்', 'சட்டம்', 'தீர்ப்பு' மாதிரிப் பெயர்கள் வேண்டாம்.

இதில் வருமானம் உண்டா?
*ஈரோடு*

இல்லை. ஒருவர் பல்லடத்திலிருந்து அரை கிலோ முறுக்கு அனுப்பினார்.

இப்போது ஏ.ஐ.யே நிரல் எழுதித் தருகிறதே, இனி லின்டர் எதற்கு?
*சென்னை*

அது நம்முடைய பழைய நிரல்களைப் படித்துத்தான் கற்றுக்கொண்டது. பெயரின் முதல் எழுத்தை எடுத்துத் தா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். பார்க்க அழகான, குறிப்புரையெல்லாம் போட்ட ஒரு வரியைத் தந்தது. முத்துலட்சுமியைக் கொடுத்தேன், 'ம.' என்று வந்தது.

உங்கள் கருவியை அதனுடைய நிரல் மேலேயே ஓட்டிப் பார்த்தீர்களா?
*புதுச்சேரி*

இப்படி ஒரு கேள்வி வரும் என்று பயந்துகொண்டேதான் இருந்தேன்.

ஓட்டினேன். இரண்டு எச்சரிக்கை. முதலாவது ஒரு சோதனைக் கோப்பில், உடனே திருத்திவிட்டேன். இரண்டாவது, எச்சரிக்கைகளைக் கட்டம் கட்டி வரிசையாகத் திரையில் காட்டும் இடத்தில். தமிழ் வாக்கியத்தின் நீளத்தை எண்ணி, மிச்சத்துக்கு இடைவெளி போட்டு வலது ஓரத்தை நேராக்க வேண்டும். நான் எண்ணியது, ஊருக்கெல்லாம் கூடாது என்று சொல்கிற அதே முறையில். எழுத்தாக எண்ணி மாற்றினேன், அப்போதும் ஓரம் நேராகவில்லை. 'கௌ'வும் 'டி'யும் திரையில் ஒரே அகலம் இல்லை, ஒவ்வொரு டெர்மினலும் ஒவ்வொரு மாதிரி வரைகிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடைசியில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'இதை விட்டுவிடு' என்ற குறிப்பைப் போட்டு எச்சரிக்கையை அணைத்தேன். அந்தக் கட்டத்தின் வலது ஓரம் இன்னும் பல்லு விழுந்த சீப்பு மாதிரிதான் இருக்கிறது.